காட்டாத பேயும் கண்ட அச்சமும்

மதுரை மாநகரில் வைகைக்கு வடக்கே, வண்டியூர்க் கண்மாயை ஒட்டிக் கிடக்கிறது கே.கே. நகர். நீதிமன்றமும், வக்ஃபு வாரியக் கல்லூரியும், 1999ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து அமைந்து, இரவு பகல் எந்நேரமும் விளக்கொளி குறையாத பகுதியாக அது இன்று விளங்குகிறது. ஆனால் இப்பகுதியின் மூத்தோரிடம் பேச்சுக் கொடுத்தால், நகரத்துக் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, வயல் வரப்புகளினூடே நடந்தே ஊர் திரும்பிய காலத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள். கொட்டகைக்குள் இருந்தபோது எவரும் அஞ்சியதில்லையாம். திரும்பும் வழியில், கண்மாய்க் கரையில், காற்றில் ஓலை அசைந்தபோதுதான் படம் தன் வேலையைக் காட்டியதாம்.

பேய்ப்படம் பார்ப்போரின் அச்சம் எங்கே பிறக்கிறது என்னும் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. திரையில் காட்டியது அச்சுறுத்துகிறதா, காட்டாமல் விட்டது அச்சுறுத்துகிறதா? பெரும் பொருட்செலவின்றி, அவசரமின்றி, மெல்ல மெல்ல உள்ளத்தை இறுக்கும் படங்களை நம் மக்கள் எவ்வாறு ஏற்றார்கள், எவ்வாறு தள்ளினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் ஓரளவு காண விழைகின்றோம். மார்க்கக் கல்வி கற்பிக்கும் நமக்கு சினிமாவோடு என்ன வேலை என்று வாசகரில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். கொட்டகைக்குச் செல்லும் வழக்கம் நமக்கில்லை, உண்மைதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்குள்ளேயே இன்று கொட்டகை வந்து குடியேறிவிட்டது. அவர்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதை அறியாமல் இருக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை.

முதலில் மதுரைக்காரர் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். கார்த்திக் சுப்புராஜ் மதுரையில் பிறந்து, மதுரையிலேயே பொறியியல் பயின்றவர். தொலைக்காட்சியில் குறும்படப் போட்டி ஒன்றின் வழியே வெளிச்சத்துக்கு வந்தார். அவர் முதலில் எழுதி வைத்திருந்தது மதுரையைக் களமாகக் கொண்ட 'ஜிகர்தண்டா'. அதற்குப் பெரும் முதல் வேண்டும். புதியவரை நம்பி முதலிட எவர் வருவார்? ஆகவே குறைந்த செலவில் முடியும் கதை ஒன்றை எழுதினார். நான்கைந்து நடிகர்கள், ஒரு கடை, ஒரு பங்களா, ஓர் இரவு, ஒரு கைவிளக்கு. சி.வி. குமார் தயாரிப்பில், விஜய் சேதுபதியும் ரம்யா நம்பீசனும் நடிக்க, சந்தோஷ் நாராயணன் இசையில், 2012 அக்டோபர் 19 அன்று 'பீட்சா' வெளிவந்தது. ஜிகர்தண்டாவுக்கு 2014 வரை காத்திருக்க நேர்ந்தது.

படத்தின் கதை இப்போது பழகிய செய்தியாகிவிட்டதால் அதை மறைக்கத் தேவையில்லை. பீட்சா கொண்டு சேர்க்கும் இளைஞன் ஒருவன், பங்களா ஒன்றினுள் இரவு முழுவதும் சிக்கிக்கொண்டதாகவும், அங்கே பிணங்களையும் பேயையும் கண்டதாகவும் நடுங்கியபடி சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல நாம் காண்கிறோம். இறுதியில், அவன் சொன்னது முழுவதும் புனைவு, வைரத்தைக் களவாடுவதற்காகக் கட்டிய கதை என்று தெரிகிறது. அதாவது, அந்த நெடிய இரவில் பேய் இருந்த இடம் பங்களா அன்று, ஒருவனின் நாவு. அவனை நம்பியவர்கள் படத்திலுள்ள அவனுடைய முதலாளி மட்டுமல்லர், இருக்கைகளில் இருந்த அத்தனை பேருந்தாம். கடைசியில், பேய்க்கதை கட்டியவனே உண்மையான பேய் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே அகப்படும்போது படம் முடிகிறது.

ஏமாற்றப்பட்டோம் என்று அறிந்தவன் கோபம் கொள்வதே இயல்பு. கடைக்காரர் எடை குறைத்தால் நாம் கை தட்டுவதில்லை. ஆனால் இங்கே மக்கள் கை தட்டினார்கள். முடிவைப் பிறரிடம் சொல்லாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். படம் வெற்றி பெற்று, கன்னடம், வங்காளி, இந்தி ஆகிய மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்டது. நம் பகுதி மாணவர்களிடையே அந்நாளில் எழுந்த பேச்சு நமக்கு நினைவிருக்கிறது. ஒரு சாரார், முதற்பகுதி நகரவேயில்லை, காதலும் அரட்டையுமாகப் போகிறது என்றனர். மற்றொரு சாரார், அந்த மெத்தனம் இல்லையேல் பங்களா இரவு அவ்வாறு பற்றியிராது என்றனர். மூன்றாமவர் ஒருவர் இருந்தார். "கடைசி வரை பேய் வராமலேயே இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் ஹஜ்ரத்" என்றார் அவர். இம்மூன்றும் அந்தப் படத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மெல்ல நகரும் அச்சப்படம் எங்கே வெளியானாலும் எழும் குரல்கள் இவையே.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். தமிழ்ப் பார்வையாளருக்கு மெத்தனமும் மௌனமும் முதன்முதலில் பெரிய அளவில் பரிசோதனையாக வந்தது 1954இல். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' பேய்ப்படம் அன்று. கொலை ஒன்றைப் பலர் பலவாறு சொல்லும் கதை. ஆனால் அதில் பாட்டில்லை, ஆட்டமில்லை. ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாடல்கள் கேட்டுப் பழகிய மக்கள் அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து கூச்சலிட்டனர். வசூல் வீழ்ந்தது. பின்னர் தேசிய விருதுக் குழுவின் தகுதிச் சான்று கிடைத்து, மீண்டும் திரையிடப்பட்டபோது அதே படத்தை மக்கள் பாராட்டினர். படம் ஓர் அங்குலமும் மாறவில்லை; பார்ப்பவரின் எதிர்பார்ப்பு மாறியிருந்தது. பாலசந்தர் தம் பிடிவாதத்தை விடவில்லை. 1964இல் 'பொம்மை'யும் 1970இல் 'நடு இரவில்' படமும் தந்தார். ஒரே வீடு, அதற்குள் அடுத்தடுத்துக் கொலைகள் என்னும் பின்னைய படத்தை நம் தமிழ்த் திரையின் மெல்லெரி அச்சப் படங்களுக்கு முன்னோடி என்று நாம் கருதுகின்றோம்.

பாட்டு வேண்டும் என்ற அந்த மக்களைப் பாமரர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவர்கள் எத்தகைய இடத்தில் அமர்ந்து பார்த்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். மதுரைச் சமவெளியின் சிற்றூர்களில் படம் காட்டியவை டூரிங் டாக்கீஸ்கள். கூரையோ கூடாரமோ வேய்ந்த கொட்டகை, மணல் தரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. இருட்டிய பின்னரே ஆட்டம் தொடங்க இயலும். பெரும்பாலானவற்றில் ஒரே இயந்திரம். ஒரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அதற்குள் முறுக்கும் சோடாவும் வந்துவிடும். மெல்ல இறுகி வரும் அச்சம் மூன்று நான்கு முறை வெளிச்சத்தில் அவிழ்ந்து போகும் இடத்தில், இயக்குநரின் பொறுமை யாருக்குப் பயன்படும்? நகரத்திலோ வேறு வகை. 1952ஆம் ஆண்டு தீபாவளியன்று 'பராசக்தி'யோடு திறக்கப்பெற்ற மதுரைத் தங்கம் திரையரங்கில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். இன்று அந்த அரங்கமே இடிக்கப்பட்டுவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் கூடிய இடத்தில் எவரால் தனிமையை உணர முடியும்? ஒருவன் அஞ்சத் தொடங்கும்போதே பின்வரிசையில் ஒருவன் சீழ்க்கை அடிப்பான், அரங்கமே சிரிக்கும். கூட்டத்தில் அச்சத்தை விரட்ட மனிதன் கண்ட மருந்து சீழ்க்கை.

இந்த மக்களின் இயல்பறிந்து படம் எடுத்தவர் விட்டலாச்சார்யா. அவரிடமும் பணம் குறைவு. ஆனால் அவர் எதையும் ஒளிக்கவில்லை. எலும்புக்கூடு ஆடியது, தலை தனியே பறந்தது, 1978இல் வந்த 'ஜகன்மோகினி'யில் பேய்ப்பெண் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைத்தாள். குழந்தைகள் ஒரு கணம் கண்ணை மூடினர், மறுகணம் சிரித்தனர். நாற்பதாண்டு கடந்தும் அந்த அடுப்பை மறவாதவர் நம்மிடையே ஏராளம். அது ஒரு கலை. அதன் பெருமை அதற்குண்டு. ஆனால் அதில் அச்சம் அடுப்போடு அணைந்துவிடுகிறது. வீடு வரை வருவதில்லை.

குறைந்த பணத்தை மறைவாக மாற்றிய கலை வேறு. அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1942இல் வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் ஒன்றரை லட்சம் டாலருக்கும் குறைவான தொகையைத் தந்து, 'பூனை மக்கள்' என்று பொருள்படும் தலைப்பையும் கையில் கொடுத்து, படம் எடுக்கச் சொன்னது. பூதத்தைக் கட்டி நிறுத்தப் பணமில்லை. ஆகவே அவரும் இயக்குநர் ஜாக் டூர்னரும் நிழலை மட்டும் காட்டினர். இரவில் தனியே நடக்கும் பெண், பின்னால் காலடி ஓசை, ஓசை நின்றுவிடுகிறது, திடீரென்று விலங்கின் சீற்றம் போல் ஒரு சத்தம். வந்து நிற்பது பேருந்து. அவ்வளவே. பார்த்தோர் இருக்கையிலிருந்து துள்ளினர்; நிறுவனம் பெரும் இலாபம் கண்டது. இன்றளவும் திரைத்தொழிலில் அத்தகைய உத்திக்கு 'லூட்டன் பேருந்து' என்றே பெயர் வழங்குகிறது. வறுமை கலைக்குத் தந்த கொடைகளில் அதுவும் ஒன்று.

நம் நாட்டில் இந்த வழியைத் திறந்தவர்களில் முஸ்லிம் கலைஞர் பலர் இருந்தனர் என்பதை நம் வாசகர் அறிவது நன்று. பம்பாய் டாக்கீஸ் நலிந்திருந்த வேளையில், 1949இல், கமால் அம்ரோஹி தம் முதற்படமாக 'மஹல்' எடுத்தார். பாழடைந்த மாளிகை, ஊஞ்சல், தொலைவில் கேட்கும் பெண்ணின் பாடல். நெடுநேரம் பேயென்று நம்பவைத்து, இறுதியில் அவள் தோட்டக்காரரின் மகளே என்று அவிழ்க்கும் கதை. அப்படத்தின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று பாத்திரத்தின் பெயராகவே அச்சிடப்பட்டிருந்தது. அக்குரல் எவருடையது என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. அவர்தாம் லதா மங்கேஷ்கர். பேயின் குரலைத் தேடிச் சென்ற மக்கள் ஒரு பாடகியைக் கண்டெடுத்தார்கள்.

அடுத்தது நம் அண்டை மாநிலம். வைக்கம் முஹம்மது பஷீர் 'நீல வெளிச்சம்' என்னும் தம் சிறுகதையைத் தாமே திரைக்கதையாக விரித்து எழுதியதுதான் 1964இல் வந்த 'பார்கவி நிலையம்'. தயாரித்தவர் டி.கே. பரீக்குட்டி, இசை அமைத்தவர் பாபுராஜ், கொலையுண்ட காதலனாக நடித்தவர் அப்துல் காதர் என்னும் இயற்பெயர் கொண்ட பிரேம் நசீர். இயக்கிய ஏ. வின்சென்ட் அதற்கு முந்திய ஆண்டுதான், ஸ்ரீதரின் மறுபிறவிக் கதையான 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கு ஒளிப்பதிவு செய்திருந்தார். ஆகவே இருமொழிப் படங்களிலும் அந்த நிழல்கள் உறவினரைப் போல் ஒத்திருப்பதில் வியப்பில்லை.

பஷீரின் பேய் எவரையும் கழுத்தை நெரிப்பதில்லை. எழுத்தாளர் ஒருவர் பேய்வீடு என்று ஊரார் ஒதுக்கிய வீட்டில் குடியேறுகிறார். கண்ணுக்குத் தெரியாத அப்பெண்ணிடம் உரக்கப் பேசுகிறார். நான் இங்கே இருக்கலாமா என்று கேட்கிறார். தாம் எழுதுவதைப் படித்துக் காட்டுகிறார். சிறுகதையில் நடக்கும் ஒரே அதிசயம், எண்ணெய் தீர்ந்து அணைந்த விளக்கை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் வாங்கச் சென்றவர் திரும்பி வரும்போது, அறை முழுவதும் நீல ஒளி நிறைந்திருப்பதுதான். இதில் அஞ்சுவதற்கு என்ன உண்டு? ஆயினும் படிப்பவர்க்கு மயிர்க்கூச்செறிகிறது. அச்சத்தோடு இரக்கமும் சேர்ந்து வருகிறது. நம் கருத்தில், இந்தியத் திரையில் பேயை அண்டை வீட்டுக்காரியாக மதித்த முதல் எழுத்தாளர் பஷீர்தான்.

இனி, நம் துறைக்குள் வருவோம். அரபு மொழியில் 'கூல்' என்றொரு சொல் உண்டு. பாலைவனத்தில் வழிப்போக்கரைத் திசைமாற்றிக் கொல்லும் பேய் என்பது அக்கால அரபிகளின் நம்பிக்கை. ஆங்கிலத்தார் பிணந்தின்னிப் பேய்க்கு வழங்கும் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே. வானியலார் ஒரு விண்மீனுக்கு 'ரஃஸுல் கூல்', அதாவது பேயின் தலை என்று பெயரிட்டனர். அது ஏறத்தாழ 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை ஒளி மங்கி மீளும் விண்மீன். இருட்டில் நம்மைப் பார்த்து மெல்லக் கண்ணிமைக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது! இந்தக் கூல் பற்றிய மருட்சியை மறுக்கும் ஹதீஸ் ஒன்று ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஜின் என்னும் படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஊரார் கட்டும் ஒவ்வொரு பேய்க்கதையையும் நம்ப வேண்டும் என்று எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வோர் நம்மிடையே மிகுதி.

பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், ஹிஜ்ரி 255இல் மறைந்தவர், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் விலங்கியல் பெருநூலில் இந்தப் பேய்க்கதைகளை ஆராய்கிறார். தம் ஆசிரியர் நழ்ழாம் கூறியதாக அவர் தரும் விளக்கம் இன்றைய உளநூலார் வியக்கத்தக்கது. மனிதன் ஆளரவமற்ற வெளியில் வேலையின்றித் தனித்திருக்கும்போது அவன் சிந்தை சிதறுகிறது. சிறியது பெரிதாகத் தோன்றுகிறது. இல்லாததைக் காண்கிறான், கேட்கிறான். பிறகு அதைப் பாட்டாக்குகிறான். அப்பாட்டைக் கேட்டு வளரும் பிள்ளை, இருண்ட இரவில் வெளியே செல்லும்போது, ஆந்தை அலறிய மாத்திரத்தில் பாட்டிலுள்ள அத்தனையையும் கண்ணால் காண்கிறான். முதலில் கூலைக் கண்டேன் என்பான். பிறகு பேசினேன் என்பான். அப்பால் கொன்றேன் என்பான். இன்னும் மேலே சென்று, தோழமை கொண்டேன், மணந்தே விட்டேன் என்பான். இதைக் கேட்டுப் பரப்பும் ராவிக்கோ, சொல்பவன் எவ்வளவு பெரிய பொய்யனோ அவ்வளவுக்கு அவன் சுவையானவன்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன் எழுதியவர், நம் திரைப்படங்களின் அட்டவணையையே தந்துவிட்டார் போலும். கண்டவர், பேசியவர், கொன்றவர், மணந்தவர் என எல்லாரும் நம் படங்களில் உள்ளனர். 'பீட்சா'வின் இளைஞனோ அந்த அஃராபியின் நேர் வாரிசு. அவனைக் கண்டு மக்கள் கோபம் கொள்ளாததன் காரணமும் ஜாஹிழ் சொன்னதுதான்: பொய்யின் திறம் சுவைக்கப்படுகிறது. அவருடைய விளக்கத்தில் நாம் இன்னும் ஊன்றிக் கருத வேண்டியது 'தனிமை' என்னும் நிபந்தனை. மெல்ல நகரும் அச்சப்படம் பார்ப்பவனைத் தனியனாக்க வேண்டும். கொட்டகையின் கூட்டம் அதற்கு இடம் தராது. அதனால்தான் இத்தகைய படங்கள் முதல் வெளியீட்டில் அரங்கத்தில் திட்டு வாங்குவதும், பின்னர் வீட்டுப் பெட்டியிலும் கைபேசியிலும் தனித்தனியே பார்க்கப்பட்டுப் புகழடைவதும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே முதல் நாள் பார்வையாளரிடம் படம் முடிந்ததும் தரம் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் உண்டு. 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' மிக அற்பச் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது. ஆனால் பார்வையாளர் தந்த தரம் 'சி பிளஸ்'. காட்டில் காணாமற்போனவர்கள் மெய்யாகவே காணாமற்போனார்கள் என்று நம்பிச் சென்றோர் நடுங்கினர். மற்றோர், கடைசி வரை ஒன்றுமே வரவில்லையே என்று முணுமுணுத்தனர். 2018இல் விமரிசகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய 'ஹெரிடிட்டரி'க்கு மக்கள் அளித்தது 'டி பிளஸ்'. அதே 2018இல் இந்தியில் வந்த 'தும்பாட்' முதலில் சுமாராகவே ஓடியது. இடையே வீடுகளில் பார்த்தவர்கள் வாய்மொழியாய்ப் பரப்ப, 2024 செப்டம்பரில் மீண்டும் திரையிட்டபோது முதல் வெளியீட்டைவிட மிகுதியாக ஈட்டியது. 'அந்த நாள்' கண்ட அதே ஊழ், எழுபது ஆண்டு கழித்து.

தமிழில் 'பீட்சா'வுக்குப் பின் என்ன நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்கு முந்திய ஆண்டே 'காஞ்சனா' வந்து, பேயும் நகைச்சுவையும் கலந்த வழியைப் பெருவழியாக்கியிருந்தது. தயாரிப்பாளர் அவ்வழியிலேயே கூட்டமாய்ச் சென்றனர். 2014இல் 'பிசாசு', 2015இல் 'மாயா' என்று அமைதியான முயற்சிகள் சில எழுந்தன. சிரிப்புப் பேய்களின் ஆரவாரத்தில் அவை சிறுபான்மையாகவே நின்றன. இதில் புலம்புவதற்கு ஒன்றுமில்லை. குடும்பத்தோடு சென்று சிரித்து மீள விரும்புவதும் நியாயமான விருப்பமே.

ஆனால் இதில் சிரிப்போடு முடியாத ஒரு பக்கம் உண்டு. பேய் பிடித்தல் என்பதைத் திரையில் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுவிடலாம். வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் பெயரைச் சொல்லித் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். ஓடுவதற்குக் கால்கள் இருந்தும் ஓட முடியாமல் மாண்டனர். அவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். பலரை அவர்தம் குடும்பத்தாரே, பேய் பிடித்திருக்கிறது, சைத்தான் ஏறியிருக்கிறது என்று நம்பிக் கொண்டுவந்து விட்டிருந்தனர். அன்பினால் செய்தார்கள், அதுதான் நெஞ்சைப் பிளப்பது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் கூடாதென்று தடுத்துவிட்டது.

அந்த விடுதிகளுக்கு ஆட்களை அனுப்பியவை திரைப்படங்கள் என்று நாம் கூறவில்லை. அந்நம்பிக்கை சினிமாவுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆயினும் தலைவிரி கோலமாய் ஆடும் பெண், குரல் மாறிப் பேசுதல், உடுக்கையோ ஓதலோ ஒலிக்க அடங்குதல் என்ற சித்திரத்தைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் மனத்தில் பதித்ததில் திரைக்குப் பங்குண்டு. மனம் நோயுற்ற மகளைக் கண்டதும் ஒரு தாயின் நினைவுக்கு முதலில் வருவது மருத்துவரா, பார்த்த படமா? 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாள 'மணிச்சித்ரத்தாழ்' படமும், அதன் வழிவந்த 'சந்திரமுகி'யும், இது நோய் என்று பெருந்திரளான மக்களுக்குச் சொல்லத் துணிந்தன. சென்னையில் ஓர் அரங்கில் 'சந்திரமுகி' 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ஆனால் அதிலும் நோய் தீர்ந்தது மந்திரவாதச் சடங்கு போன்ற ஓர் ஆரவாரத்தில்தான். மாத்திரையும் பொறுமையும் திரைக்கு அழகல்லவே!

அந்த அழகற்ற பொருளையே எடுத்துக்கொண்டு 2022 ஜனவரியில் ஒரு மலையாளப் படம் வந்தது: 'பூதகாலம்'. ராகுல் சதாசிவன் இயக்கியது. கொட்டகைக்கே வராமல், இணையவழியாய் வீடுகளுக்கு வந்த சிறிய படம். ஒரு வாடகை வீடு, மனச்சோர்வுக்கு மருந்துண்ணும் ஆசிரியையான தாய், வேலை கிடைக்காத மகன், பாட்டியின் மரணம். அவ்வளவுதான். வீட்டில் எவரோ நடமாடுவதாக மகன் உணர்கிறான். தாய் அவனை நம்பவில்லை. ஊரும் உறவும் இருவரையும் நம்பவில்லை. வீட்டில் பேய் உண்டா, அல்லது இவர்களின் துயரமே அவ்வாறு உலவுகிறதா என்பதைப் படம் இறுதிவரை சொல்லாமல் இழுக்கிறது. தாயாக நடித்த ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மகனாக நடித்தவர் ஷேன் நிகம். தயாரிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. அஞ்சத்தக்கதாக அதில் நாம் கண்டது கதவிடுக்கிலோ கட்டிலடியிலோ இல்லை. உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உண்கிறார்களே, அந்தக் காட்சியில்.

இதே இயக்குநர் 2024இல் மம்மூட்டியை வைத்துக் கருப்பு வெள்ளையில் எடுத்த 'பிரமயுகம்' அரங்குகளில் பெரு வெற்றி கண்டது. அதற்கு முந்திய ஆண்டு பஷீரின் 'நீல வெளிச்சம்' அதே பெயரில் மீண்டும் படமாகி வந்தபோதோ எதிர்பார்த்த கூட்டம் கூடவில்லை. மிக மெதுவாகச் செல்கிறது என்றனர் இளைஞர். 1964இல் அவர்களுடைய பாட்டனார் அதே வேகத்தில் அதே கதையைப் பார்த்து மெய்சிலிர்த்தவர்கள்தாம்.

'பூதகாலம்' பார்த்த குடும்பம் ஒன்று நம் தெருவிலேயே உண்டு. தாயார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை; மகன் கல்லூரியில் படிப்பவன். படம் முடிந்ததும் தாயார் ஆயத்துல் குர்ஸீ ஓதி வீட்டின் நான்கு மூலைக்கும் ஊதிவிட்டுத்தான் படுத்தாராம். மறுநாள் நம்மிடம் பேசும்போது அதே தாயார், அந்தப் பெண் மாத்திரையை ஒழுங்காக உண்டிருந்தால் அந்த வீட்டில் ஒரு பேயும் வந்திராது என்று அடித்துச் சொன்னார்.

"அப்படியென்றால் கடைசியில் வந்தது எதும்மா? நானே பார்த்தேனே!" என்றான் மகன்.

"நீ பார்த்தாய். அவர்கள் இருவரும் எத்தனை மாதமாக ஒருவரையொருவர் பார்க்கவில்லை, அதைப் பார்த்தாயா?" என்றார் தாயார்.

மகன் விடவில்லை, படத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லிக் கைபேசியை எடுத்தான்.